லாட் எண் மட்டும் போதாது: வொர்க்பெஞ்சில் கூட்டு ஃபாரின் கீ போடும் முறை

சேலம் ஐந்து ரோடு பக்கத்தில் மாலை நேரத்தில் டேட்டாபேஸ் வகுப்பு எடுக்கிறேன். மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸைப் படமாக வரைந்து வடிவமைக்கும் வொர்க்பெஞ்ச் மென்பொருளில் டேபிள் வரைவது, கோடு இழுப்பது எல்லாம் இரண்டே நாளில் பிடிபட்டுவிடுகிறது. மூன்றாம் நாள் கூட்டுச் சாவி (ஒன்றுக்கு மேற்பட்ட நெடுவரிசைகள் சேர்ந்த சாவி) வந்ததும் கை நின்றுவிடுகிறது. பெரும்பாலும் அடி பிசகுவது ஒரே இடத்தில்தான். மூன்று நெடுவரிசைகள் சேர்ந்து ஒரே ஃபாரின் கீ (இன்னொரு டேபிளின் பதிவைச் சுட்டும் சாவி) என்று பார்க்காமல், மூன்று தனித்தனி ஃபாரின் கீ என்று நினைத்து வேலையைத் தொடங்குகிறார்கள்.

நம் ஊர் ஜவ்வரிசி ஆலைக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். ஒரு குடும்பத்துக்கு ஆத்தூர்ப் பக்கம் மூன்று ஆலைகள். குச்சிக்கிழங்கு அரைத்துக் காய்ந்து வரும் சரக்கை 90 கிலோ மூட்டைகளாகப் பிடித்து, லாட் லாட்டாகப் பிரித்து வைக்கிறார்கள். ஒவ்வோர் ஆலையும் ஒவ்வொரு பருவத்திலும் லாட் எண்ணை 1 என்று புதிதாகத் தொடங்கும். முதலில் போட்ட டேட்டாபேஸில் லாட் எண் மட்டும் சாவியாக இருந்தது. ஒரு நாள் கணக்குப்பிள்ளை போன் செய்து, "சார், முப்பத்தொண்ணுன்னு அடிச்சா வேற ஆலைச் சரக்கு வருதுங்க" என்றார். அதைச் சரிசெய்த வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன். மெனுப் பெயர்கள் வொர்க்பெஞ்ச் 8.0-இல் உள்ளவை.

1. திரையைத் திறக்கும் முன் தாளில் எழுத வேண்டியவை

ஒவ்வொரு டேபிளுக்கும் ஒரு கேள்வி கேளுங்கள்: இதில் ஒரு பதிவைத் தவறில்லாமல் சுட்டிக்காட்ட எத்தனை விவரங்கள் சொல்ல வேண்டும்? ஆலைக்கு ஆலை எண் போதும். லாட்டுக்கு ஆலை எண், பருவம், லாட் எண் மூன்றும் வேண்டும். கிடங்கில் மூட்டை அடுக்கும் இடத்துக்கு ஆலை எண்ணும் அடுக்கு எண்ணும் வேண்டும், ஏனென்றால் ஒவ்வோர் ஆலைக் கிடங்கிலும் அடுக்கு 1, அடுக்கு 2 என்றுதான் பெயின்ட்டில் எழுதியிருக்கிறது.

பதிலை எழுதும்போது விவரங்களின் வரிசையையும் நிலையாக முடிவு செய்துவிடுங்கள். ஆலை, பருவம், லாட் என்று ஒரு முறை எழுதினால் கடைசி வரைக்கும் அதே வரிசைதான். பின்னால் வரும் பிழைகளில் பாதி, இந்த வரிசை ஓரிடத்தில் ஒரு மாதிரியும் இன்னோர் இடத்தில் வேறு மாதிரியும் இருப்பதால் வருபவை.

அடுத்து, ஒவ்வொரு விவரத்துக்கும் தகவல் வகை. இதில் எனக்கு ஓர் உறுதியான கருத்து உண்டு. பருவத்துக்கும் லாட் எண்ணுக்கும் ஒரே வகை கொடுக்காதீர்கள். இரண்டும் இன்ட்டாக (முழு எண்ணாக) இருந்தால், பின்னால் கோடு இழுக்கும்போது பருவத்தை லாட் எண்ணோடும் லாட் எண்ணைப் பருவத்தோடும் மாற்றி இணைத்தாலும் மென்பொருள் வாயே திறக்காது. பருவத்துக்கு இயர் வகை கொடுத்து (2024-25 பருவத்துக்கு 2024 என்று தொடக்க ஆண்டு), லாட் எண்ணுக்கு அன்சைன்டு இன்ட் (குறை எண் ஏற்காத முழு எண்) கொடுத்தால், மாற்றி இணைக்கும் அந்த நொடியிலேயே வகை பொருந்தவில்லை என்று தடுத்துவிடும். இது செலவே இல்லாமல் கிடைக்கும் காவல்.

2. தாய் டேபிளின் சாவியை முழுதாக முடித்துவிடுங்கள்

கோடு இழுக்கும் ஆசை எல்லாருக்கும் முதலில் வரும். அடக்கிக்கொள்ளுங்கள். கோடு இழுக்கும் நேரத்தில் தாய் டேபிளின் (சுட்டப்படும் டேபிளின்) பிரைமரி கீ (பதிவைத் தனித்துக் காட்டும் முதன்மைச் சாவி) எப்படி இருக்கிறதோ, அதைப் பார்த்துத்தான் வொர்க்பெஞ்ச் சேய் டேபிளில் (சுட்டும் டேபிளில்) நெடுவரிசைகளை உருவாக்கும். அரைகுறைச் சாவி இருந்தால் அரைகுறை ஃபாரின் கீதான் பிறக்கும்.

முதலில் ஆலை டேபிள். ஆலை_எண், ஸ்மால்இன்ட், அன்சைன்டு. பிகே (பிரைமரி கீ), என்என் (காலியாக விடக் கூடாது), யூஎன் (அன்சைன்டு) மூன்று கட்டங்களிலும் டிக்.

அப்புறம் லாட் டேபிள். பருவம், லாட்_எண் இரண்டையும் போட்டு இரண்டுக்கும் பிகே டிக் செய்யுங்கள். ஆலை_எண்ணைக் கையால் சேர்க்க வேண்டாம், கோடு கொண்டுவந்து தரும். ஏஐ (ஆட்டோ இன்கிரிமென்ட்) என்ற கட்டத்தைத் தொடவே கூடாது. லாட் எண் தானாக ஏற வேண்டும் என்று நினைத்து அதில் டிக் செய்பவர்கள் நிறையப் பேர். தானேறும் எண் ஆலைவாரியாக 1-க்குத் திரும்பாது, ஒரே ஓட்டமாகப் போய்க்கொண்டிருக்கும். அதோடு, தானேறும் நெடுவரிசை ஏதாவதோர் இன்டெக்ஸில் (பதிவைச் சீக்கிரம் தேட உதவும் பட்டியலில்) முதலாவதாக நிற்க வேண்டும் என்று மைஎஸ்கியூஎல்லின் சேமிப்புப் பகுதியான இன்னோடிபி கேட்கும். நம் சாவியில் முதலில் நிற்பது ஆலை எண் என்பதால் 1075 என்ற பிழை வரும்.

இப்போது இடப்பக்கப் பட்டையில் முழுக்கோடு போட்ட ஒன்றுக்குப் பல ஐகானை எடுங்கள். முதலில் லாட் டேபிளைச் சொடுக்குங்கள், அதன் பிறகு ஆலை டேபிளை. சேய் முன்னால், தாய் பின்னால். பேசும்போது "ஆலையிலிருந்து லாட்டுக்கு" என்று சொல்வதால் கை தானாக ஆலைக்குப் போய்விடும். அப்படிச் செய்தால் ஆலை டேபிளுக்குள் லாட் விவரம் போய் உட்கார்ந்துகொள்ளும். நடந்துவிட்டால் உடனே கன்ட்ரோல் இசட் அடியுங்கள்.

சரியாக நடந்திருந்தால், லாட் டேபிளில் ஆலை_ஆலை_எண் என்றொரு புது நெடுவரிசை சிவப்புச் சாவிப் படத்தோடு வந்திருக்கும். சிவப்புச் சாவி என்றால் அது பிரைமரி கீயிலும் இருக்கிறது, ஃபாரின் கீயிலும் இருக்கிறது என்று பொருள். பெயரை உடனே ஆலை_எண் என்று சுருக்கிவிடுங்கள். விட்டுவைத்தால் அடுத்த தலைமுறையில் லாட்_ஆலை_ஆலை_எண் என்று நீளும், அதற்கடுத்ததில் இன்னும் நீளும். மைஎஸ்கியூஎல்லில் ஒரு பெயருக்கு 64 எழுத்துதான் இடம்.

இனி வரிசை. புதிதாக வந்த ஆலை_எண் கடைசியில் உட்கார்ந்திருக்கலாம். டேபிளின் இன்டெக்ஸ் தாவலைத் (டேப்) திறந்து பிரைமரி என்ற வரியைச் சொடுக்கினால் எந்த நெடுவரிசை எத்தனையாவது என்று எண் தெரியும். அதை 1 ஆலை_எண், 2 பருவம், 3 லாட்_எண் என்று மாற்றுங்கள். நெடுவரிசைப் பட்டியலில் தெரியும் வரிசையும் சாவியின் வரிசையும் ஒன்றாகவே இருக்கும் என்று நம்ப வேண்டாம், இந்தத் தாவலில் பார்த்தால்தான் உறுதி. ஆலை_எண் முதலில் நின்றால், ஆலையைச் சுட்டும் ஃபாரின் கீக்கு அந்தப் பிரைமரி கீயே இன்டெக்ஸாகவும் உதவும்.

3. முழுக்கோடா, விட்டுவிட்ட கோடா

முழுக்கோடு இழுத்தால் தாயின் சாவி சேயின் பிரைமரி கீயிலும் சேரும், விட்டுவிட்ட கோட்டில் சேராது. எது வேண்டும் என்று அறிய, சேய் டேபிளுக்குத் தன் சொந்த அடையாளம் இருக்கிறதா என்று பாருங்கள். மாதிரிச் சோதனைத் தாளுக்குச் சோதனை எண் என்று தனி எண் இருக்கிறது. அந்த எண் ஒன்றே தாளைக் கண்டுபிடிக்கப் போதும். ஆகவே லாட் விவரம் அதில் சாதாரண நெடுவரிசைகளாக இருந்தால் போதும், விட்டுவிட்ட கோடு சரி. எந்த லாட்டில் எத்தனை மூட்டை எந்த அடுக்கில் என்ற டேபிளுக்கோ லாட்டையும் அடுக்கையும் விட்டால் அடையாளமே இல்லை. அதற்கு முழுக்கோடு.

தவறாகத் தேர்ந்தாலும் பெரிய சேதமில்லை. கோட்டின் மேல் இரட்டைச் சொடுக்கு செய்து, ஃபாரின் கீ தாவலில் மாற்றிக்கொள்ளலாம். மாற்றியபின் சேய் டேபிளின் சாவி வரிசையை மறுபடி பார்த்துவிடுங்கள்.

4. முதல் கூட்டு ஃபாரின் கீ

சோதனை டேபிளில் சோதனை_எண் மட்டும் போட்டு அதற்குப் பிகே கொடுங்கள். விட்டுவிட்ட கோடு ஐகானை எடுத்து முதலில் சோதனை, அடுத்து லாட். சொடுக்கியதும் மூன்று நெடுவரிசைகள் ஒன்றாக வந்து இறங்கும். படத்தில் ஒரே ஒரு கோடுதான் தெரியும், தெரியவும் வேண்டும்.

மூன்று கோடு இழுக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். ஆலைக்கு ஒன்று, பருவத்துக்கு ஒன்று, லாட் எண்ணுக்கு ஒன்று என்று மூன்று கோடுகளை இழுத்து, அதற்காக லாட் டேபிளில் தனித்தனி இன்டெக்ஸும் போட்டுவிடுகிறார்கள். பார்க்க ஒழுங்காகவே இருக்கும். ஆனால் அந்த மூன்று கட்டுப்பாடுகளும் கேட்பது வேறு கேள்வி: இந்த ஆலை எங்காவது இருக்கிறதா, இந்தப் பருவம் எங்காவது இருக்கிறதா, இந்த லாட் எண் எங்காவது இருக்கிறதா? நமக்கு வேண்டியது, இந்த மூன்றும் சேர்ந்த ஒரே பதிவு லாட் டேபிளில் இருக்கிறதா என்ற கேள்வி. ஆலை 1-இல் லாட் 31, ஆலை 2-இல் லாட் 40 என்று மட்டும் இருக்கும்போது, மூன்று கோட்டு வடிவமைப்பு "ஆலை 1, லாட் 40" என்ற இல்லாத சரக்குக்கும் சோதனைத் தாள் எழுத விட்டுவிடும்.

வந்த மூன்று நெடுவரிசைகளுக்கும் பெயரைச் சுருக்குங்கள். பிறகு என்என் கட்டத்தைப் பாருங்கள். இது சிறிய கட்டம், பெரிய விஷயம். கூட்டு ஃபாரின் கீயில் ஏதாவதொரு நெடுவரிசை நல் என்று காலியாக இருந்தால், மைஎஸ்கியூஎல் மற்ற இரண்டையும் சரிபார்ப்பதே இல்லை. பருவத்தைக் காலியாக விட்டு, ஆலை 99, லாட் 5000 என்று எழுதினாலும் உள்ளே ஏற்றுக்கொள்ளும். ஆகவே மூன்றுக்கும் என்என் டிக் இருக்கட்டும். லாட் இன்னும் முடிவாகாத சோதனையையும் பதிய வேண்டும் என்றால், மூன்றும் நிரம்பியிருக்க வேண்டும் அல்லது மூன்றும் காலியாக இருக்க வேண்டும் என்று ஒரு செக் கட்டுப்பாடு தனியாக எழுதுங்கள். மைஎஸ்கியூஎல் 8.0.16 முதல் செக் கட்டுப்பாடு உண்மையாகவே வேலை செய்கிறது. அதற்கு முந்தைய பதிப்புகள் அதைப் படித்துவிட்டுப் பேசாமல் விட்டுவிடும்.

5. இருக்கும் நெடுவரிசைகளை இணைக்கும்போது

சில நேரம் சேய் டேபிளில் அந்த நெடுவரிசைகள் ஏற்கெனவே இருக்கும். அப்போது சாதாரணக் கோட்டு ஐகானை எடுத்தால், இருப்பதைப் பயன்படுத்தாமல் இன்னொரு செட் நெடுவரிசைகளைக் கொண்டுவந்து கொட்டும். இதற்கென்றே பட்டையில் கடைசியாக ஓர் ஐகான் இருக்கிறது: இருக்கும் நெடுவரிசைகளைக் கொண்டு உறவு அமைப்பது.

அதை எடுத்து, சேய் டேபிளில் ஆலை_எண், பருவம், லாட்_எண் என்று ஒவ்வொன்றாக வரிசைப்படி சொடுக்குங்கள். பிறகு மேலே தெரியும், சுட்டப்படும் நெடுவரிசைகளைத் தேர்ந்தெடு என்ற பொத்தானை அழுத்துங்கள். அதற்கப்புறம் தாய் டேபிளுக்குப் போய் அதே வரிசையில் மூன்றையும் சொடுக்குங்கள். முதலாவது முதலாவதோடு, இரண்டாவது இரண்டாவதோடு இணையும். பெயர் ஒன்றாக இருப்பதால் தானே கண்டுபிடித்து இணைத்துக்கொள்ளும் என்று எதிர்பார்க்காதீர்கள், அது பார்ப்பது சொடுக்கிய வரிசையை மட்டும்தான்.

படத்தில் சொடுக்கக் கை நடுங்கினால், டேபிளின் ஃபாரின் கீ தாவலிலும் இதே வேலையைச் செய்யலாம். இடப்பக்கம் பெயரும் சுட்டும் டேபிளும், நடுவில் நெடுவரிசைகளுக்கு டிக், பக்கத்தில் ஜோடி நெடுவரிசை, வலப்பக்கம் அழிப்பு, மாற்ற விதிகள். டிக் விழாமல் மறுத்தால் இரண்டு காரணங்களைப் பாருங்கள்: இருபக்க வகையும் ஒன்றா, தாய்ப்பக்கம் இன்டெக்ஸ் இருக்கிறதா. ஒரு பக்கம் அன்சைன்டு, மறுபக்கம் வெறும் இன்ட் என்பதுதான் நான் அதிகம் பார்க்கும் காரணம். எழுத்து வகையாக இருந்தால் நீளம் மாறுபடலாம், ஆனால் கேரக்டர் செட்டும் (எழுத்துத் தொகுப்பு) கொலேஷனும் (எழுத்துகளை ஒப்பிடும் முறை) ஒன்றாக இருக்க வேண்டும்.

ஃபாரின் கீயின் பெயர் டேட்டாபேஸ் முழுவதிலும் ஒரே ஒருமுறைதான் வரலாம். சேய்ப் பெயரையும் தாய்ப் பெயரையும் சேர்த்து வைத்தால் மோதாது.

6. இரண்டு ஃபாரின் கீ, நடுவில் ஒரே ஆலை எண்

இந்தப் பகுதிக்காகத்தான் இந்த வழிகாட்டியையே எழுத உட்கார்ந்தேன். கூட்டுச் சாவியின் முழுப் பலனும் இங்கேதான் கிடைக்கிறது. வரைபடக் கருவி நம்மைத் தவறான பக்கம் இழுத்துப் போவதும் இங்கேதான்.

அடுக்கு டேபிளின் சாவி ஆலை_எண், அடுக்கு_எண். இப்போது இருப்பு என்று ஒரு டேபிள் வேண்டும்: எந்த லாட், எந்த அடுக்கு, எத்தனை மூட்டை. இருப்பிலிருந்து லாட்டுக்கு முழுக்கோடு இழுத்தால் ஆலை எண், பருவம், லாட் எண் வரும். அடுத்து அடுக்குக்கு இன்னொரு முழுக்கோடு இழுத்தால் மறுபடி ஓர் ஆலை எண்ணும் அடுக்கு எண்ணும் வரும். இப்போது இருப்பு டேபிளில் இரண்டு ஆலை எண்கள்.

நிறையப் பேர் இதை அப்படியே விட்டுவிடுகிறார்கள். பிழை எதுவும் வராது, எல்லாம் ஓடும். ஆனால் ஆலை 1-இன் லாட்டை ஆலை 2-இன் கிடங்கு அடுக்கில் வைத்ததாக யாராவது தட்டினால் டேட்டாபேஸ் சம்மதித்துவிடும். லாட்டும் உண்மையில் இருக்கிறது, அடுக்கும் உண்மையில் இருக்கிறது, இரண்டும் வெவ்வேறு ஊரில் இருக்கின்றன என்பதை மட்டும் யாரும் கேட்கவில்லை. நாற்பது மூட்டையைத் தேடிக் கிடங்கில் ஆள் அலைவது இப்படித்தான்.

சரியான முறை இது. லாட்டுக்குப் போகும் முதல் கோட்டை முழுக்கோடு ஐகானால் இழுங்கள். பெயர்களைச் சுருக்குங்கள். பிறகு அடுக்கு_எண் என்ற நெடுவரிசையை மட்டும் கையால் சேர்த்து, அடுக்கு டேபிளில் உள்ள அதே வகையைக் கொடுத்துப் பிகே டிக் செய்யுங்கள். இரண்டாவது உறவை ஐந்தாம் பகுதியில் சொன்ன ஐகானால் அமையுங்கள்: சேய்ப்பக்கம் ஏற்கெனவே இருக்கும் ஆலை_எண், அதோடு அடுக்கு_எண். தாய்ப்பக்கம் அதே இரண்டு.

இப்போது ஒரே ஆலை_எண் இரண்டு ஃபாரின் கீயிலும் உறுப்பு. ஒரு பதிவில் அதற்கு ஒரு மதிப்புதான் இருக்க முடியும் என்பதால், லாட்டும் அடுக்கும் ஒரே ஆலையைச் சேர்ந்தவையாக இருந்தே தீரும். இதற்காக நிரலில் ஒரு வரிகூட எழுத வேண்டியதில்லை.

எல்லா டேபிளுக்கும் தானேறும் ஐடி ஒன்று போதுமே, எதற்கு இவ்வளவு என்று ஒவ்வொரு குழுவிலும் ஒருவராவது கேட்பார். நியாயமான கேள்வி. லாட்டுக்கு லாட்_ஐடி, அடுக்குக்கு அடுக்கு_ஐடி என்று வைத்தால் படம் சுத்தமாக இருக்கும், ஆனால் இப்போது சொன்ன ஒரே ஆலைக் காவல் போய்விடும். ஐடி கட்டாயம் வேண்டும் என்றால் அதைப் பிரைமரி கீயாக வைத்து, கூட்டு நெடுவரிசைகளுக்கு யுனீக் இன்டெக்ஸ் (ஒரே மதிப்பு இருமுறை வர விடாதது) போட்டு, ஃபாரின் கீயை அந்த யுனீக் இன்டெக்ஸுக்குக் கட்டுங்கள். இரண்டும் கிடைக்கும்.

7. அழித்தால், மாற்றினால் என்ன ஆக வேண்டும்

பகிர்ந்த நெடுவரிசை இருக்கும்போது ஆன் டெலீட்டுக்கு (தாய்ப் பதிவை அழித்தால்) செட் நல் (சேயில் காலியாக்கு) கொடுக்கக் கூடாது. அது கூட்டு ஃபாரின் கீயின் எல்லா நெடுவரிசைகளையும் காலியாக்கும், அதில் பகிர்ந்த ஆலை_எண்ணும் அடக்கம். பிரைமரி கீயில் இருக்கும் நெடுவரிசையைக் காலியாக்கவே முடியாது என்பதால் இருப்பு டேபிளுக்கு அந்த விதியை மைஎஸ்கியூஎல் ஏற்காது.

ஆன் அப்டேட்டுக்குக் (தாய்ச் சாவியை மாற்றினால்) கேஸ்கேட் (சேயிலும் தானே மாற்று) கொடுக்கவும் தயங்குங்கள். ஆலை எண்ணை மாற்றினால் அது லாட் வழியாகவும் அடுக்கு வழியாகவும் இருப்புக்கு இறங்க வேண்டும். லாட் வழி முதலில் இறங்கினால் அந்த நொடியில் புது ஆலை எண்ணோடு அடுக்குப் பதிவு இன்னும் இருக்காது, வேலை பாதியில் நின்றுவிடும். இரண்டுக்கும் ரெஸ்ட்ரிக்ட் (தடுத்துவிடு) வைத்து, ஒருமுறை கொடுத்த ஆலை எண்ணை மாற்றுவதில்லை என்று ஆலைக்காரர்களிடம் முன்கூட்டியே பேசி முடிவு செய்துவிடுவதே நல்லது.

8. படத்தை நம்பாமல் ஸ்கிரிப்டைப் படியுங்கள்

டேபிளின் மேல் வலச் சொடுக்கு செய்து எஸ்கியூஎல்லைக் காப்பி செய்யும் வரியைத் தேர்ந்தெடுத்து, நோட்பேடில் ஒட்டுங்கள். இருப்பு டேபிளில் கான்ஸ்ட்ரெயின்ட் என்ற சொல் இரண்டே இரண்டு முறை வர வேண்டும். முதலாவதில் அடைப்புக்குறிக்குள் மூன்று பெயர், ரெஃபரன்சஸுக்குப் பின்னும் மூன்று, அதே வரிசையில். இரண்டாவதில் இரண்டு, இரண்டு. விரலை வைத்து ஜோடி ஜோடியாகப் படிக்கச் சொல்வேன்.

மூன்றுக்குப் பதில் இரண்டு பெயர்தான் இருக்கிறது என்றால் கவனியுங்கள். தாய்ச் சாவியின் முன்பகுதியை மட்டும் சுட்டுவதைப் பழைய பதிப்புகளில் இன்னோடிபி அனுமதிக்கும், அதனால் பிழையே வராது. மைஎஸ்கியூஎல் 8.4-இல் இயல்பாகவே இதைத் தடுத்துவிட்டார்கள். வீட்டில் 8.0, ஆலையில் 8.4 என்றால் வீட்டில் ஓடியது அங்கே ஓடாது.

ஸ்கிரிப்டை டேட்டாபேஸுக்கு அனுப்பும்போது வரும் பிழைகளில் இரண்டைத் தெரிந்துவைத்தால் போதும். 1822 என்றால் தாய்ப்பக்கம் அந்த வரிசையில் இன்டெக்ஸ் இல்லை, இரண்டாம் பகுதிக்குத் திரும்புங்கள். 3780 என்றால் வகை பொருந்தவில்லை. அது எந்த நெடுவரிசை என்று செய்தியிலேயே பெயரோடு இருக்கும்.

9. குறுக்கே கலந்து சோதியுங்கள்

சரியான பதிவு உள்ளே போகிறதா என்று மட்டும் பார்ப்பது சோதனை ஆகாது. ஆலை 1, 2024, லாட் 31 என்றும், ஆலை 2, 2024, லாட் 40 என்றும் இரண்டு லாட்டுகளைப் போடுங்கள். ஆலை 1-க்கு அடுக்கு 1, ஆலை 2-க்கு அடுக்கு 5.

இனி இருப்பில் மூன்று பதிவுகள் எழுதிப் பாருங்கள். ஆலை 1, 2024, லாட் 31, அடுக்கு 1 உள்ளே போக வேண்டும். ஆலை 1, 2024, லாட் 40, அடுக்கு 1 என்பது 1452 பிழையோடு திரும்ப வேண்டும். ஆலை 1, 2024, லாட் 31, அடுக்கு 5 என்பதும் அதே 1452-ஓடு திரும்ப வேண்டும். இரண்டாவது உள்ளே போனால் உங்கள் ஃபாரின் கீ துண்டு துண்டாக இருக்கிறது. மூன்றாவது உள்ளே போனால் இருப்பு டேபிளில் இரண்டாவது ஆலை எண் ஒளிந்திருக்கிறது.

10. ஏற்கெனவே தகவல் உள்ள டேட்டாபேஸ் என்றால்

வொர்க்பெஞ்ச் எழுதும் ஸ்கிரிப்டின் தலையில் ஃபாரின் கீ செக்ஸைப் பூஜ்யமாக்கும் (ஃபாரின் கீ சரிபார்ப்பை நிறுத்தும்) வரி ஒன்று இருக்கும், கடைசியில் பழைய நிலைக்குத் திருப்பும் வரி இருக்கும். டேபிள்களை எந்த வரிசையிலும் உருவாக்க முடிவதற்காக அது இருக்கிறது. ஆனால் திருப்பிய பிறகு பழைய பதிவுகளை அது சரிபார்ப்பதில்லை. தாயில்லாத பதிவுகள் உள்ளேயே கிடக்கும், படத்தில் கோடு மட்டும் ஒழுங்காகத் தெரியும்.

ஆகவே முதலில் பேக்கப். அப்புறம் இருப்பையும் லாட்டையும் மூன்று நெடுவரிசைகளிலும் லெஃப்ட் ஜாயின் (இருப்பின் எல்லாப் பதிவையும் வைத்துக்கொண்டு லாட்டில் ஜோடி தேடும் இணைப்பு) செய்து, லாட் பக்கம் காலியாக வரும் பதிவுகளை எடுத்துப் பட்டியலிடுங்கள். அடுக்குக்கும் அதேபோல். பட்டியலை அச்செடுத்து ஆலைக்கு அனுப்புங்கள். எந்த மூட்டை எந்த லாட் என்று சாக்கின் மேல் எழுதியிருப்பதைப் பார்த்துச் சொல்லக் கூடியவர் கிடங்கில் இருப்பவர்தான், நாம் ஊகித்துத் திருத்தக் கூடாது. அவர் திருத்தித் தந்த பிறகு அதே ஜாயினை மறுபடி ஓட்டி, ஒரு பதிவும் வரவில்லை என்று பார்த்துவிட்டு, செக்ஸ் 1-இல் இருக்கும்போதே ஃபாரின் கீயைச் சேர்க்கும் வரிகளை மட்டும் தனியாக ஓட்டுங்கள்.